வேளைக்கீரை

கொல்லிமலை வெளிறித் தெரியும் சித்திரை வெயிலில், சேந்தமங்கலத்தில் எங்கள் புழக்கடையில் வாடாமல் நிற்பது நல்வேளை ஒன்றுதான். ஆசையாய் விதைத்த பாலக்கு பங்குனியிலேயே பூத்தண்டு விட்டுக் கசந்துபோயிற்று. வேளையோ வெயில் ஏற ஏறத் தழைக்கிறது. சோளத்துக்கு வாய்த்த ஒளிச்சேர்க்கை முறையே இதற்கும் வாய்த்திருக்கிறது என்கிறது தாவரவியல்.

குப்பைமேட்டில் தானாய் முளைப்பதை விதைப்பானேன் என்று அம்மாயி சிரித்தார். எண்பதைக் கடந்த அவருக்குச் சோறு இறங்காமல் ஒரு மாதமாகியிருந்தது. பஞ்சத்தில் தின்ற கீரை என்று பேச்சுவாக்கில் இதை அவர்தான் சொன்னார், அதற்காகவே விதைத்தோம். புதுவிதை எளிதில் முளைக்காது, சில மாதம் கிடந்த விதையே நல்லது. மொட்டுகளைக் கிள்ளிவந்தால் இலை தொடர்ந்து கிடைக்கும். பூ வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் பூப்பது நாய்வேளை.

சிறுபாணாற்றுப்படையில் கிணைமகள் ஒருத்தி குப்பை வேளையை நகத்தால் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் காண நாணி, வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமைக்கு உதாரணமாக எத்தனை மேடைகளில் அதைக் கேட்டிருப்போம்! ஆனால் புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையாரின் பாண்டி நாட்டைச் சொல்லவரும்போது, ஆய்மகள் வேளையின் வெண்பூவைத் தயிரிலிட்டு ஆக்கிய புளிங்கூழைத்தான் நினைக்கிறான். அதை ஏனோ யாரும் மேடையேற்றுவதில்லை. கென்யாவிலும் இக்கீரையைப் பாலூற்றிச் சமைக்கிறார்கள், கசப்பு அடங்குமாம். அங்கே இது சந்தைக்கு வரும் கௌரவமான கீரை.

அம்மாயி கட்டிலில் இருந்தபடி சொல்லச்சொல்ல, கீரையை ஒருமுறை வேகவிட்டு வடித்தோம். துவரம்பருப்பு, சின்னவெங்காயம், பூண்டு, பச்சைமிளகாயோடு சட்டியில் கடைந்தோம். கடைசியில் தயிர் சேர்த்தது மட்டும் சோழனை நம்பி. இதன் வாசம் தெருவரை போகும். ராகிக்களியில் குழிபறித்துக் கடைசலை ஊற்றும்போது எதிர்வீட்டு அக்கா வாசலில் குரல் கொடுத்தார்.

"கதவச் சாத்து கண்ணு" என்றார் அம்மாயி, தட்டை முந்தானையால் மறைத்தபடி.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஒரு கிண்ணத்தில் கடைசலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். திரும்பி வந்தபோது அம்மாயி முகம் கொடுக்கவில்லை. ஆனால் களி பாதிக்குமேல் தீர்ந்திருந்தது.

விளக்கணைத்து வெகுநேரம் கழித்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது: "அவளுக்கு உப்புச் சரியா இருந்துச்சாமா?"