ஆற்று நீரும் மோட்டார் நீரும்

திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குச் செல்லும் நம் குடும்பங்கள் பல, சற்றே வழி விலகிக் கல்லணையையும் கண்டு செல்வதுண்டு. கரிகாலன் கட்டியதாகக் காலங்காலமாகச் சொல்லப்படும் அவ்வணையிலிருந்து காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் தனித்தனியே பிரிந்து செல்கின்றன. நிலம் கடலை நோக்கி மெல்லச் சரிந்திருப்பதால், நீர் தானாகவே வாய்க்கால் வழியே வயலை அடைகிறது. அதற்கு ஒரு சொட்டு டீசலும் வேண்டா. ஒரு யூனிட் மின்சாரமும் வேண்டா.

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலோ, அதே நீர் முதலில் மின்சாரத்தைத் தந்துவிட்டுப் பின்னர் தஞ்சைக்குச் சோறும் போடுகிறது. ஒரே நீர் இருமுறை உழைக்கும் அழகு அது!

ஆயினும் கும்பகோணம் கடந்து மயிலாடுதுறைப் பக்கம் செல்வோமானால், வயல்களுக்கிடையே மோட்டார் கொட்டகைகளைக் காண்கிறோம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கப்படுவது மரபு. அந்நாள் தவறிய ஆண்டுகள் பல. ஆறு வராதபோது குறுவையைக் காத்தது நிலத்தடி நீரே. 1990 முதல் தமிழக உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. அச்சலுகை எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தது. அதனைப் பழித்தல் தகாது. ஆனால் விலையில்லாப் பொருள் வீணாவது எவர் கண்ணிலும் படுவதில்லை.

சிறு கணக்கொன்று பார்ப்போம். வீணே சிறிதும் போகாவிட்டால், ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 36,000 லிட்டர் நீரைப் பத்து மீட்டர் உயர்த்தும். பலமுறை காயில் கட்டிய மோட்டார், குறுகிய குழாய், அடைபட்ட ஃபுட்வால்வு ஆகியவற்றால் திறன் 30 சதவீதமாகக் குறைந்தால், 11,000 லிட்டரே மேலே வரும். எஞ்சியது வெப்பமாகவும் உராய்வாகவும் கழிகிறது. நீர்மட்டம் இருபது மீட்டருக்கு இறங்கினாலோ அதுவும் பாதியாகும். கடலோரத்தில் இனிய நீரை மிகுதியாக இறைத்தால், உப்பு நீர் உள்ளே புகும். மின்சாரமும் போய், நிலமும் போகும் இழப்பு இது.

சிக்கனத்தால் செல்வம் வளரும் என்பதற்குச் சான்றும் இம்மண்ணிலேயே உண்டு. பழைய ஹல்லர் ஆலையில் உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து போகும். அரிசியும் மிகுதியாக நொறுங்கும். 1960-களில் திருவாரூரில் நவீன அரிசி ஆலை அமைந்தது. அத்தகைய ஆலையில் உமி தனியே பிரிந்து, நெல் அவிக்கும் கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கப்படுகிறது. ஒரு டன் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கிறது. குப்பையென எண்ணியது விறகாயிற்று. முழு அரிசி மிகுந்தது. எண்ணெய்த் தொழிலும் பிறந்தது.

ஆகவே, ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியை அது செலவிட்ட மின்சாரத்தால் மட்டும் அளத்தல் பொருந்தாது. ஒவ்வொரு யூனிட்டும் எத்தனை மூட்டை நெல்லும் எத்தனை பேருக்குக் கூலியும் தந்தது என்பதே உரிய அளவுகோல். நல்ல மோட்டார் மட்டும் போதாது; அது எளிதில் மிகுந்த நீரை இறைத்துவிடவும் கூடும். எனவே வயலில் எந்நேரமும் நீரைத் தேக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லை வளர்க்கும் முறையும் உடன் வேண்டும்.

நம் ஊர் உழவர் மோட்டார் வாங்கும்போது, விலையோடு நட்சத்திர முத்திரையையும் கிணற்றின் ஆழத்திற்கேற்ற குதிரைத்திறனையும் கேட்டறிவாராக. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் வேறோர் இல்லத்தின் தையல் இயந்திரத்தை ஓட்டும். மிச்சமாகும் நீரோ நம் பேரப்பிள்ளைகளின் குறுவைக்கு உதவும்.