இலேசான கூரையின் பாரம்

தலைக்குமேல் உள்ள கூரையை நாம் எளிதில் நினைப்பதில்லை. வெயிலோ மழையோ உள்ளே புகுந்த பின்னரே அதன் நினைவு வருகின்றது. புத்தூரில் படிகள் சூழ்ந்த சிறு திறந்தவெளி அரங்கு ஒன்றிற்குத் துணியால் ஒரு கூரை வகுத்துத் தரும்படி நண்பர் சிலர் நம்மைக் கேட்டனர். "துணிதானே! நான்கு கம்பங்களை நட்டு இழுத்துக் கட்டினால் முடிந்தது" என்றெண்ணி உடனே இசைந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதை அறிந்த வரலாறே இக்கட்டுரை.

கீற்றுப் பந்தல் போதாதோ என்று வினவினாரும் உளர். தென்னங்கீற்றின் குளிர்ச்சியை அறியாதார் நம் ஊரில் யாவர்? ஆயினும், 2004-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மறைந்தனர். அத்துயரங்களை அறிந்த பின்னர், பலர் கூடும் இடத்தை எளிதில் எரியும் பொருளால் வேய நமக்குக் கை எழவில்லை.

நிற்க. மொட்டைமாடியில் நான்கு மூங்கிற் கழிகளை ஒரே உயரத்தில் நிறுத்தி, ஒரு படுதாவை இழுத்துக் கட்டி, மேலே ஒரு குடம் நீரை ஊற்றினோம். நீர் நடுவே தேங்கிற்று. தேங்கிய நீர் துணியைத் தாழ்த்திற்று. தாழ்ந்த இடத்தில் மேலும் நீர் சேர்ந்தது. மூன்றாம் குடத்தில் கழிகள் உள்நோக்கிச் சாய, யாவும் தரையில் வீழ்ந்தன. இதன் கீழே மாணவர் அமர்ந்திருந்தால் என்னாகும் என்ற நினைவு நம்மை நாணச் செய்தது.

அயல் வீட்டிற்குப் பந்தலிட வந்திருந்த முதியவர் ஒருவர் இதனை நோக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, எதிரெதிர் மூலை ரெண்டைத் தூக்குங்க, மத்த ரெண்டைத் தாழ்த்துங்க" என்றார். அவ்வாறே செய்தோம். துணி குதிரைச் சேணம்போல் வளைந்து விறைத்து நின்றது. ஊற்றிய நீர் தாழ்ந்த மூலைகளின் வழியே ஓடிற்று. ஒரு திசையில் மேல்நோக்கியும், அதற்குக் குறுக்கே கீழ்நோக்கியும் துணி வளைந்திருத்தலே இதன் இரகசியம். காற்று மேலே தூக்கினால் ஒரு திசை இழைகள் தடுக்கும். மழை கீழே அழுத்தினால் மறுதிசை இழைகள் தாங்கும். ஜெர்மானியச் சிற்பி பிரை ஓட்டோ (1925–2015) சவுக்கார நீர்ப்படலங்களைக் கொண்டு ஆராய்ந்ததும் இத்தகைய வடிவங்களையே.

வளைந்த பரப்பை ஒரே துண்டால் போர்த்தவும் இயலாது. தையற்காரர் சட்டைக்கு வெட்டுவதுபோல் துணியைப் பட்டைகளாக வெட்டி இணைத்தல் வேண்டும். பாவும் ஊடையும் ஒரே அளவில் நீள்வதில்லை என்பதை அடுத்துள்ள உறையூர் நெசவாளர் நன்கறிவர். அவை நீளும் அளவைக் கணக்கிட்டு, பட்டைகளைச் சற்றுக் குறைத்தே வெட்டவேண்டும்.

துணியின் வகைகளையும் ஆராய்ந்தோம். கண்ணாடியிழையின்மேல் டெஃப்லான் பூசிய துணி எளிதில் எரியாது, நெடுங்காலம் உழைக்கும். 2011-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்காகப் புதுப்பிக்கப்பட்ட சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் இவ்வகைக் கூரையைக் காணலாம். ஆனால் அதன் விலை பெரிது. பாலியெஸ்டர் இழையின்மேல் பி.வி.சி. பூசிய துணி மலிவு; ஏறக்குறைய 15 முதல் 20 ஆண்டுகள் வரை உழைக்கும். தீப்பரவலைத் தடுக்கும் வகையை மட்டுமே வாங்குவதென உறுதி செய்துகொண்டு, நாம் இதனையே தெரிந்தெடுத்தோம்.

இனிக் காற்றின் கணக்கு. இந்தியக் கட்டிட விதிகள் திருச்சிராப்பள்ளிக்குக் குறித்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 47 மீட்டர். அவ்வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 135 கிலோ எடைக்கு ஒப்பாகும். அதே பரப்புள்ள துணியின் எடையோ 1 கிலோ அளவே! ஓட்டுக் கூரைக்குத் தன் எடையேனும் ஓரளவு துணையுண்டு. துணிக்கு அதுவும் இல்லை. ஆகவே காற்றின் இழுப்பு முழுவதும் கம்பிவடங்களின் வழியே இறங்கி, நிலத்தில் புதைத்த கான்கிரீட் கட்டிகளைச் சேர்கின்றது. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடும் இப்பகுதியில், ஈரம் ஊறிய மண் அக்கட்டிகளை எவ்வளவு பிடிக்குமென்று குழி தோண்டிச் சோதிப்பதும் இன்றியமையாதது.

வரைபடத்தைக் கண்ட நண்பர்கள் திகைத்தனர். "கண்ணுக்குத் தெரியாத கட்டிகளுக்கு இவ்வளவு செலவா? பாதியாகக் குறையுங்கள்" என்றனர். நம் மனத்தில் மூன்றாம் குடத்து நீர் நின்றது. கட்டிகளைக் குறைக்க மறுத்து, கூரையைக் குறைக்க இசைந்தோம். மேடையையும் முன்வரிசைகள் சிலவற்றையும் மட்டும் மூடுமாறு மீண்டும் வரைந்தோம். பின்வரிசையில் இருப்போர் இன்னும் சில காலம் வானத்தின் கீழேயே அமர்வர். நண்பர்களுக்கு இது சிறிது வருத்தமே. ஆயினும், மேலே இலேசை விரும்புவோர் கீழே ஆழத்தைத் தேடவேண்டும் என்பதை அம்மொட்டைமாடியில் கற்றபின், வேறு விதமாய் வரைய நம்மால் இயலவில்லை.