திறக்காத மூடியும் ஒரு பழைய கடனும்

இங்கிலாந்தில், கோவென்ட்ரியில், மகன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள். 1994 பத்தாம் வகுப்புக்காரர்கள் மட்டும் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும்.

என் மகனிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. மாஸ்டா எம்.எக்ஸ்.5, 1991ஆம் வருடத்து வண்டி. இரண்டே இருக்கைகள். கூரையைக் கையாலேயே மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். முகப்பு விளக்குகள் பகலெல்லாம் பானெட்டுக்குள் படுத்துக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். லோட்டஸ் எலான் போன்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களை மனதில் வைத்து ஜப்பானியர்கள் 1989இல் கொண்டுவந்த வண்டி இது. ஹிரோஷிமாவில் செய்தது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்ததாம். ஒரு காலத்தில் ஜாகுவாரும் ட்ரையம்ஃபும் செய்த ஊரில் இப்போது இது ஓடுகிறது.

"இந்தக் காசுக்கு நம்ம ஊர்ல ரெண்டு சென்ட் இடம் வாங்கியிருக்கலாம்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டேன். மகன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலிருப்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ராட்ஃபோர்டு போவதாகத் திட்டம். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர், இங்கிருந்து பக்கம்தான். சனிக்கிழமை காலை பெட்ரோல் போடப் போனோம். இந்த வண்டியில் பெட்ரோல் வாயின் மூடி இடது பின்பக்கம் இருக்கிறது. அதைத் திறக்கும் லீவர், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே பின்னால் உள்ள சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. மகன் இழுத்தான். மூடி திறக்கவில்லை. மறுபடி இழுத்தான். நான் இறங்கி நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. பின்னால் நாலு வண்டி காத்திருந்தது. பெட்ரோல் குறைந்த விளக்கு எரிய எரிய வீட்டுக்குத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் சமையலறைக்குப் போய் வெண்ணெய்க் கத்தியை எடுத்து வந்தேன். "அப்பா, வேண்டாம். பெயின்ட் உரிஞ்சா துரு பிடிக்கும். குளிர்காலத்துல இங்க ரோட்டுல உப்பு போடுறாங்க. சின்னக் கீறல் போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்துப் பணிமனைக்குப் போன் செய்தான். அடுத்த வியாழக்கிழமைக்கு முன்னால் முடியாது என்றார்கள்.

அப்போதுதான் மகன் கேட்டான்: "ஏன்ப்பா, உங்க ஸ்டூடன்ட்ஸ்ல ஒரு மெக்கானிக்கூட இல்லையா?"

ஒருவன் இருக்கிறான். திண்டுக்கல் பைபாஸில் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். 94காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் எண் இருக்கிறது. ஆனாலும் எனக்குக் கை வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த உங்கள் சந்திப்பில் அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். என்னிடம் வந்து பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

தனி ஊசல் சோதனைக்கான நிறுத்துக் கடிகாரத்தை அவன் ஆய்வகத்தில் பிரித்துப் போட்டிருந்தான். மேசை முழுக்கச் சின்னச் சின்னச் சக்கரங்கள். நான் பார்த்த மாத்திரத்தில் அறைந்தேன். ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். "நீ ஸ்பேனர் பிடிக்கத்தான்டா லாயக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்த வருடம் அவன் பொதுத்தேர்வில் தவறினான். பிறகு பள்ளிப் பக்கமே வரவில்லை.

மகன்தான் என் போனை வாங்கி வீடியோ காலில் அழைத்தான். அங்கே மாலை மூன்றரை மணி. முகத்தில் கிரீஸ். "சார், நல்லா இருக்கீங்களா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். இந்த வண்டியை அவன் நேரில் பார்த்ததே இல்லை.

"லீவர இழுக்கும்போது கையில கனம் தெரியுதா, லூசா வருதா தம்பி?"

"கனமாத்தான் இருக்கு. விட்டா திரும்பிப் போகுது."

"அப்ப கேபிள் அறுகல. அந்தக் கடைசியில இருக்கிற பின்னுதான் அழுக்குல சிக்கியிருக்கு. பலமா இழுக்காதீங்க. கேபிள் போச்சுன்னா சின்ன வேலை பெரிய வேலையாயிரும். சார், நீங்க மூடி மேல உள்ளங்கைய வச்சு உள்பக்கமா அமுக்குங்க. தம்பி, சார் அமுக்கும்போது மெதுவா இழுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும்."

வெளியே வர வேண்டிய மூடியை எதற்கு உள்ளே அமுக்குவது என்று எனக்குப் புரியவில்லை. சொன்னபடி செய்தோம். திறக்கவில்லை. டபிள்யூ.டி.40 இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. மெல்லிய குழாயை மாட்டி, பின் இருக்கும் பக்கத்து இடுக்கில் கொஞ்சமாக அடிக்கச் சொன்னான். இன்ஜின் அணைந்திருக்கிறதா, பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கவில்லையே என்று விசாரித்தான். "பத்து நிமிஷம் ஊறட்டும் சார்" என்றான்.

அந்தப் பத்து நிமிடம் மகன் துணி எடுக்க உள்ளே போய்விட்டான். போனில் நாங்கள் இரண்டு பேர். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் சும்மா இருப்பது?

"அந்த ஸ்டாப் கிளாக் விஷயத்துல நான் செஞ்சது தப்புப்பா. ரொம்பத் தப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பட்டறையில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னான்: "சார், அது ஓடல. ஓடாமத்தான் கிடந்துச்சு. அதனாலதான் கழட்டினேன். மாட்ட விட்டிருந்தா ஓடியிருக்கும்."

அந்தக் கடிகாரம் பழுதாகியிருந்தது எனக்குத் தெரியாது. அவனிடம் நான் கேட்கவே இல்லை. ஏன்டா பிரித்தாய் என்ற ஒரு கேள்வி. பார்த்தேயிராத வண்டிக்கு அவன் முதலில் செய்தது கேள்வி கேட்டதுதான்.

மகன் வந்தான். மறுபடி நான் அமுக்க, அவன் இழுக்க, இரண்டாம் முறை 'டக்' என்று ஒரு சத்தம். கையை எடுத்தேன். மூடி தானாக எழும்பி நின்றது. பெயின்டில் ஒரு கீறல் இல்லை.

ஏன் அமுக்கச் சொன்னான் என்று பிறகுதான் உறைத்தது. உள்ளே ஒரு வில் மூடியை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தள்ளல் முழுவதும் பின்னின் பக்கவாட்டில் விழுகிறது. உராய்வு, செங்குத்து விசையைப் பொறுத்தது, மூடியை உள்ளே அமுக்கினால் பின் மேல் உள்ள பாரம் குறைகிறது, உராய்வும் குறைகிறது, பின் நழுவுகிறது. மழைக்காலத்தில் உப்பிய கதவைத் தோளால் அழுத்திக்கொண்டு தாழ்ப்பாளை நீக்குவோமே, அதேதான். 31 வருடம் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். வெண்ணெய்க் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் நான்தான். பாடத்தில் தவறியவன் எனக்குப் பாடம் நடத்தினான்.

"டபிள்யூ.டி.40 ஈரத்த விரட்டத்தான் சார். அதோட விட்டா மறுபடி சிக்கும். தொடச்சிட்டுக் கொஞ்சம் வெள்ளை கிரீஸ் தடவுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தான். தடவினோம். பெட்ரோல் போட்டோம். மறுநாள் ஸ்ட்ராட்ஃபோர்டு போனோம், கூரையை மடக்கிவிட்டு. வழியில் மகன் நிறையப் பேசினான். இரண்டு சென்ட் இடத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபரில் ஊருக்கு வருகிறேன். முதல் வேலை அவன் பட்டறைக்குப் போவது. போனில் சொன்ன வார்த்தை போதாது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும். அதற்காகத்தான் அவன் அனுமதியோடு இதை இங்கே எழுதுகிறேன். அன்று சிரித்தவர்களே, உங்கள் மீது தவறில்லை. சிரிக்கவைத்தது நான்.

கீழே யாரும் "சாரின் பெருந்தன்மை" என்று எழுத வேண்டாம். முடிந்தால் இந்த வாரம் யாராவது அவனுக்கு ஒரு போன் செய்யுங்கள். வண்டியில் கோளாறு இருந்தால்தான் என்றில்லை.