கல்லுக்கு எதுக்கு மோட்டார்?

பல்லவன் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கும் தளவானூர்தான் என் ஊர். எங்களுக்குக் கல் தெரியும், கடல் தெரியாது. பவளத் தொட்டியில் நீரோட்டம்தான் பிராஜெக்ட் என்றதும் அப்பா, "ஏண்டா, கல்லுக்கு எதுக்கு மோட்டார்?" என்றார். நியாயமான கேள்விதான்.

பவளம் உயிர். நகராது. இரையும் ஆக்சிஜனும் தண்ணீர்தான் கொண்டுவரணும். கழிவையும் அதுவே அள்ளிப் போகணும். அதற்காகப் பம்பின் வாயை நேரே திருப்பிப் பீய்ச்சினால் சதை உரிந்துவிடும். முன்னும் பின்னும் அசையும் அலைதான் வேண்டும். ஆகவே எதிரெதிரே 2 பம்பு, டைமர் வைத்து மாற்றி மாற்றி. கடினப் பவளத்துக்கு மணிக்குத் தொட்டியளவில் 20 மடங்காவது ஓடணும் என்பது வளர்ப்போர் கணக்கு. 100 லிட்டர் தொட்டிக்கு 2,000 லிட்டர்.

பம்பு இரண்டும் மல்லாட்டை விற்ற காசு. எங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்தவன் நான் ஒருத்தன்தான். இன்னொரு பம்பு வாங்க வழியில்லை.

தொட்டியில் பவளமே கிடையாது என்பதுதான் வேடிக்கை! பாறை கட்டும் பவளங்களை 2001-லேயே வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், கடலிலிருந்து எடுக்கக் கூடாது. அதனால் கருங்கல் ஜல்லியில் பருத்தி நூல் கட்டி வைத்தோம். நூல் ஒரே பக்கம் படுத்தால் ஓட்டம் தப்பு. மூன்றாம் நாள் ராத்திரி எல்லா நூலும் ஆடியது. மூலையில் ஒன்று மட்டும் அசையவில்லை. பம்பை விரலளவு திருப்பியதும் அதுவும் ஆடியது.

தூத்துக்குடியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டத்தில் கட்டி மன்னார் வளைகுடாவுக்குள்ளேயே வளர்க்கிறார்கள். அங்கே பம்பு வேண்டாம், கடலே ஆட்டும். டிப்ளமோ முடிந்ததும் முதல் விண்ணப்பம் அங்கேதான்.