திறவாத பேழை

சிராங்கூன் சாலைக்கு அண்மையில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம், மறைந்த நண்பரின் மகள் ஒரு விரலியைக் கொண்டுவந்து கொடுத்தாள். தந்தையார் 1998 ஆம் ஆண்டில் கணினியில் எழுதிய பதினொரு சிறுகதைகள் அதில் இருந்தன. அச்சேறாதவை; கையெழுத்துப் படியோ வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. பதினொன்றும் ஒரே கோப்பாகச் சுருக்கப்பட்டிருந்தன. அக்கோப்பு திறக்க மறுத்தது.

"கடையில் அழித்துவிடச் சொன்னார்கள், மாமா. நீங்கள் ஒருமுறை பாருங்கள்."

ஆசிரியர் தம் பழைய மாணவரான பொறியாளர் ஒருவரை அழைத்தார். அவர் முதலில் கோப்பைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் வைத்தார். பின்னர் விளக்கினார்: ஜிப் என்னும் இம்முறையை 1989 இல் வகுத்தவர் ஃபில் காட்ஸ் என்னும் அமெரிக்கர். கோப்பின் முகப்பில் அவர் பெயரின் முதலெழுத்துகளான பி, கே இரண்டும் இன்றளவும் நிற்கின்றன. நூலுக்குப் பொருளடக்கம் முன்னே அமையும். இப்பேழைக்கோ அது கடைசியில் அமைகிறது. வால் அறுந்தால், உள்ளே பொருள் இருந்தும் இருக்குமிடம் புலப்படாது. இன்றைய இபப் மின்னூலும் உள்ளே இதே பேழைதான். பதிவிறக்கம் பாதியில் நின்ற மின்னூலை மீண்டும் முழுமையாக இறக்கிக்கொண்டால் போதும். இங்கோ மறுபடி இறக்க மூலம் எங்கே? நெகிழ்வட்டிலிருந்து விரலிக்கு மாற்றும்போது கோப்பு குறைபட்டிருக்க வேண்டும். அந்த நெகிழ்வட்டும் குப்பைக்குப் போயிற்று. இடம் மிச்சம் என்று சுருக்கினார் போலும். பதினொரு கதைகளுக்கு அச்சிக்கனம் தேவைதானா?

நல்லவேளையாக, பொருளடக்கம் போனாலும் ஒவ்வொரு கதையின் முன்னும் ஒரு சிறு தலைக்குறிப்பு உண்டு. அவற்றைத் தேடிப் பிடித்து ஒன்பது கதைகளை முழுமையாகவும் பத்தாவதைப் பாதியாகவும் மீட்டனர். பதினோராவது போனது போனதுதான்.

திறந்தும் படிக்க இயலவில்லை. திரை நிறைய இலத்தீன் எழுத்துகளும் விளங்காக் குறிகளும். அக்காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் இருந்தது. யூனிகோடு 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்தும் அது பரவலாகவில்லை. பொதுக்குறியேற்றம் வேண்டுமென 1997 இல் இச்சிங்கையிலேயே தமிழிணைய மாநாடு கூடியது; இங்கு அதற்காக உழைத்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1999 இல் மறைந்தார்.

ஒரு கதைத் தலைப்பு 'தேக்கா' என்று தொடங்கும் என்பது மகளுக்கு நினைவிருந்தது. அதுவே திறவுகோல் ஆயிற்று. இரட்டைக்கொம்பு, த, க், க, கால் என ஐந்து குறிகள் பிடிபட்டன. மற்றவற்றைச் சொல் சொல்லாக ஊகித்து, ஆசிரியர் மூன்று வாரங்களில் அட்டவணை அமைத்தார். இலக்கணம் கற்பித்த கண்ணுக்கு அது கடினமாக இல்லை.

பத்தாவது கதையில் ஒரு பெண் மழையில் பேருந்துக்காக நிற்கிறாள். "அப்பொழுது அவள்" என்பதோடு கதை அறுந்துவிடுகிறது. மீதியை எழுதித் தருமாறு மகள் கேட்டாள்.

"அது அவன் எழுத்து, அம்மா" என்று மறுத்துவிட்டு, இரண்டு படிகளை அச்சிட்டு அவளிடம் கொடுத்தார் ஆசிரியர்.