அப்பாவுக்குக் கோபம் இல்லை, காது கேக்கேல்லை

எங்கட வீட்டில் அப்பாவுக்குக் கோபம் கூட எண்டு நினைச்சுத்தான் நாங்கள் வளர்ந்தோம். உப்பைக் கேட்டாலும் அதட்டுற மாதிரித்தான் கேட்பார். அவர் ரீவியில் செய்தி பார்த்தால் ஒழுங்கையால் போற ஆட்களுக்கும் செய்தி கேட்கும். அம்மா குசினிக்குள் இருந்து ஒன்று சொல்லுவா, பதில் வராது. இரண்டாந்தரமும் வராது. மூன்றாந்தரம் அம்மா சத்தம் போட, "ஏன் இப்ப கத்துறாய்?" எண்டு அவர் அதைவிடப் பெரிசாகக் கத்துவார். அக்காவும் தம்பியுமான நாங்கள் இரண்டு பேரும் அதைச் சண்டை எண்டு நினைச்சு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம்.

அப்பாவிடம் ஒரு செயின்சோ இருக்கிறது. மரம் தறிக்கிறது அவருடைய தொழில் இல்லை. ஆனால் எங்கட பக்கத்தில் எவருடைய வளவில் முருங்கை முறிஞ்சாலும், பூவரசு மதிலில் சாய்ஞ்சாலும், "அண்ணை, மெசினைக் கொண்டு ஒருக்கா வாங்கோ" எண்டு கூப்பிடுவார்கள். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, காலில் பாட்டாவோட போவார். பதினைந்து வருசமாக இதுதான் நடக்கிறது. சின்னனில் நாங்களும் பின்னால் ஓடி, மரத்தூள் பறக்கிறதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்துபோன பிறகு எங்கட கிணத்தடி வேம்பு சரிஞ்சு நின்றது. தறிக்க வேண்டிய நாளன்று காலமை அந்த மரத்தில் ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "அப்பா, கூடு ஏதும் இருக்குமோ, அணில் இந்தக் கத்துக் கத்துதே" எண்டோம். அப்பா அண்ணாந்து பார்த்தார். "இருக்குது. ஆனால் எங்க கத்துது? சும்மாதானே இருக்குது" எண்டார். அணிலின் வாலும் உடம்பும் ஒவ்வொரு கத்தலுக்கும் துள்ளுவது எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு அது சத்தமில்லாத படம்.

அன்றைக்கு மரம் தறிக்கவில்லை. இரண்டு கிழமை கெஞ்சி, காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சோதனைத் தாளில் கோடு நேராகப் போய், 4000 ஹேர்ட்ஸ் பக்கம் வர கிணத்துக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. பெருஞ்சத்தத்தால் கெடுகிற காது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் கெடும். உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் இருக்கும் மயிர்க் கலங்கள்தான் ஒலியை நரம்புக்குக் கடத்துகின்றன. அவை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதிகள்: அணில், குருவி, பேச்சில் 'ஸ', 'ச' மாதிரியான எழுத்துகள். அதனால்தான் ஆள் கதைக்கிறது கேட்கும், என்ன கதைக்கிறது எண்டு விளங்காது. பக்கத்தில் இருந்தே "என்ன? என்ன?" எண்டு கேட்பவர்கள் உங்கட வீட்டிலும் இருக்கலாம்.

வழியில் அப்பா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். "95இல வெளிக்கிட்டு வன்னியில கிபிர் சத்தம் கேட்ட காது. பங்கருக்குள்ள இருந்து தப்பின காது உந்த மெசினுக்கோ போகும்?" எங்களிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. கிபிர் எவ்வளவு எடுத்தது, மெசின் எவ்வளவு எடுத்தது எண்டு அந்தத் தாள் பிரிச்சுச் சொல்லாது. ஆனால் கிபிர் நின்றுவிட்டது. மெசின் நிற்கவில்லை.

கணக்கு இதுதான். பெற்றோல் செயின்சோ பிடிக்கிறவருடைய காதடியில் ஏறத்தாழ 110 டெசிபல் சத்தம் வரும். தொழில்சார் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரச நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்தான் எல்லை என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணித்தியாலம், 100க்கு 15 நிமிசம். 110க்கு வரும்போது இரண்டு நிமிசம் கூட இல்லை. அப்பா ஒரு வேம்பைத் துண்டு போட அரை நாள் எடுப்பார்.

முதலில் நாங்கள் பிழையாகத்தான் வாங்கினோம். டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில், இயர்மஃப் எண்டு சொல்லும் காதுமூடி ஒன்றை நிறம் வடிவாக இருக்கிறதெண்டு எடுத்தோம். பெட்டியில் ஒரு இலக்கமும் இல்லை. இலக்கம் இல்லாததை வாங்காதேங்கோ. அமெரிக்க முறையில் என்.ஆர்.ஆர். எண்டும், ஐரோப்பிய முறையில் எஸ்.என்.ஆர். எண்டும் எத்தனை டெசிபல் குறைக்கும் எண்டு போட்டிருக்கும். ஐரோப்பியத் தரமெண்டால் ஈ.என். 352 எண்டும் இருக்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே அளவுகோல் இல்லை. அதனால் ஒன்றின் இலக்கத்தை மற்றதன் இலக்கத்தோடு நேரே ஒப்பிடக் கூடாது.

பெட்டியில் உள்ள இலக்கம் ஆய்வுகூடத்து இலக்கம். என்.ஆர்.ஆர். 25 எண்டால் 7ஐக் கழிச்சுப் பாதியாக்க வேண்டும், 9 வரும். அவதானமாகப் போடுகிற கணக்கு இது. 110இல் 9 போனால் 101. அதுவும் கால் மணித்தியாலம் தாங்காது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும்: உள்ளே ஸ்பொஞ்ச் செருகி, மேலே காதுமூடி. இரண்டையும் போட்டால் இரண்டு இலக்கத்தையும் கூட்டுவதில்லை. கூடிய இலக்கத்தை எடுத்து அதே கணக்குப் போட்டு, மேலே 5 சேர்க்க வேண்டும். செருகி 33 எண்டால் 13ம் 5ம், 18. அப்போது 92 டெசிபல், ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்யலாம். பஞ்சு அடைச்சால் போதும் எண்டு நினைக்காதேங்கோ, அது காப்பு இல்லை. இயர்போனில் பாட்டுப் போடுகிறது அதைவிட மோசம்.

செருகியை அப்பா சும்மா காது வாசலில் ஒட்டி வைத்திருந்தார். அதை விரலால் ஊசி மாதிரி மெல்லிசாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலுக்கும் பின்னுக்கும் இழுத்து, உள்ளே விட்டு, அது ஊதும் வரை அரை நிமிசம் பிடிக்க வேண்டும். வைத்தியரிடம் பார்த்துக்கொண்டு வந்து நாங்கள்தான் அவருக்குப் போட்டுவிட்டோம். அப்பாவின் காதைத் தொட்டது எங்களுக்கு அதுதான் முதல்தரம். "சத்தம் கேட்டாத்தானே மெசின் எப்பிடி ஓடுது எண்டு விளங்கும்" எண்டு புறுபுறுத்தார். போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "விளங்குது" எண்டார். தாழ்ந்த சுருதியை இவை குறைவாகத்தான் மறிக்கின்றன. மெசினின் இரைச்சல் மாறுவதைக் கையும் சொல்லும்.

காது மட்டும் போதாது. மூக்குக்கண்ணாடியின் தண்டு காதுமூடியின் அடைப்பை இளக்கும், மெல்லிய தண்டு உள்ளதாகப் பார்க்க வேண்டும். எங்கட வெய்யிலில் வியர்வை பட்டுப் பட்டு மெத்தை இறுகினால் மாற்ற வேண்டும். தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு வலை. சாரத்துக்கும் பாட்டாவுக்கும் பதில் நீளக் காற்சட்டையும் இரும்பு முனைச் சப்பாத்தும். காலுக்கு ஐ.எஸ்.ஓ. 11393 எண்டு போட்ட காப்பு இருக்கிறது. சங்கிலி பட்டவுடனே அதற்குள் இருக்கும் நீள நார்கள் இழுபட்டுப் பற்சில்லில் சிக்கி மெசினை நிற்பாட்டும். ஒருதரம் வெட்டுப்பட்டால் அதை எறிஞ்சுவிட வேண்டும். எங்களிடம் அது இன்னும் இல்லை, காசு சேர்க்கிறோம். அதுவரை இடுப்புக்கு மேல் மெசினைத் தூக்குவதில்லை, வாளின் நுனியால் வெட்டுவதில்லை எண்டு அப்பாவிடம் வாக்கு வாங்கியிருக்கிறோம்.

தை பிறந்த பிறகு வேம்பைத் தறித்தோம். விழுந்த மரத்தைத் துண்டு போடும்போது அடிக்கட்டை மெல்ல உருளத் தொடங்கியது. "அப்பா!" எண்டு நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். அவருக்குக் கேட்கவில்லை. கேட்காமல் அடைச்சுவிட்டது நாங்கள்தானே. கட்டை அவருடைய சப்பாத்தில் முட்டி நின்றது. பாட்டாவாக இருந்திருந்தால் கால் போயிருக்கும். அன்றைக்கு ஒரு முறை வகுத்தோம். ஒருவர் எப்போதும் அவருடைய கண்ணுக்கு நேரே, எட்ட நிற்க வேண்டும். அம்மாவின் பழைய சிவப்புத் துவாயைத் தூக்கினால் மெசின் நிற்க வேண்டும். பின்னால் போய் அவரைத் தொடக் கூடாது. மரம் விழும்போது இரண்டு மர நீளத்துக்கு அப்பால் நிற்க வேண்டும்.

பெண் பனை, பலா, ஈரப்பலா தறிக்கிறதெண்டால் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். 2019இல் செயின்சோக்களைப் பொலிசில் பதியச் சொன்னார்கள். மரத்தைப் பற்றியும் மெசினைப் பற்றியும் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். சொந்த வளவில் மெசின் பிடிக்கிறவரின் காதைப் பற்றி வீட்டு ஆட்கள்தான் கேட்க வேண்டும். நாங்கள் பதினைந்து வருசம் கேட்கவில்லை. கோபக்காரர் எண்டு பெயர் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

இப்போது அம்மா குசினிக்குள் இருந்து கூப்பிடுவதில்லை. முன்னுக்கு வந்து, அவர் முகம் பார்க்கக் கதைக்கிறா. சத்தம் பாதியாகக் குறைஞ்சுவிட்டது.

போன கிழமை பக்கத்து வளவில் பூவரசுக் கொப்பு வெட்டப் போனோம். வெளிக்கிடும்போது அப்பா எங்களைப் பார்த்து, "உங்கட காதுக்கு எங்க?" எண்டார். அவருக்கு மட்டும்தான் வாங்கியிருந்தோம். சின்னனில் இருந்து அவருக்குப் பக்கத்தில் நின்ற எங்களுக்கு வாங்க வேணும் எண்டு ஒருநாளும் தோன்றவில்லை. மெசினைக் கீழே வைத்துவிட்டு, செருகிப் பெட்டியை எடுத்து இரண்டு சோடியை நீட்டினார்.

"உருட்டுங்கோ. பிறகு காதை மேல இழுக்க வேணும்" எண்டார்.