தோம்பை வாசிக்க ஒரு பிள்ளை

ஆராய்ச்சிக்கும் பயிற்சி வேண்டும் என்பதை எமது சமூகம் இன்னும் முழுமையாக உணர்ந்துகொண்டதாகத் தெரியவில்லை. வைத்தியருக்குப் பயிற்சி உண்டு, பொறியியலாளருக்கும் உண்டு. வரலாற்றை ஆராய்பவரோ நான்கு நூல்களை வாசித்து ஐந்தாவதை எழுதிவிடுவார் என்ற எண்ணமே எம்மவரிடையே நிலவுகின்றது.

ஃப்ரீமான்டில் எமக்கு நெருக்கமான குடும்பமொன்றின் மூத்த மகள் கணினித்துறையில் நல்ல வேதனம் பெறுபவள். அத்தொழிலை விட்டு, ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற விரும்புகின்றாள். தகப்பனார் எம்மை நாடி வந்தார். "மாஸ்ரர், நீங்கள் சொன்னால் கேட்பாள். இந்தப் படிப்புச் சோறு போடாது என்று எடுத்துச் சொல்லுங்கோ" என்றார். அவரைக் குறைகூற மனம் வரவில்லை. ஒற்றைப் பையுடன் வந்திறங்கி, இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர். ஆயினும் வரலாறு கற்பித்தே காலங்கழித்த எம்மிடம் அவர் இதனைக் கேட்டிருக்க வேண்டாம்.

எமது காணி, சீதனம், முதுசம் ஆகியவற்றை ஆளும் தேசவழமையை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். ஆனால், அது 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவையால் ஒல்லாந்த மொழியிலே தொகுக்கப்பெற்று, அதன் பின்னரே தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? 1658 முதல் 1795 வரை எம்மை ஆண்டவர்கள் காணிகளையும் குடிகளையும் தோம்புகளில் பதிந்துவைத்தனர். அவர்களின் ஏடுகள் கொழும்பிலும் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் உள்ள தேசிய சுவடிக்கூடங்களிற் கிடக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது. உலகம் போற்றும் அவ்வேடுகளில் எமது பாட்டன் பூட்டனின் பெயர்கள் உள்ளன. வாசிக்கத்தான் எம்மிடம் ஆளில்லை. நாம் பட்டப்படிப்புப் படித்த காலத்தில் ஒல்லாந்தர் ஆட்சியைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதினோம். அவர்கள் எழுதிய ஒரு தாளையேனும் கண்டோமில்லை.

அந்த எழுத்து இக்கால ஒல்லாந்தருக்கே இலகுவில் விளங்காது. இதனை உணர்ந்தே லெய்டன் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டையொட்டித் 'தனாப்' எனும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆசிய நாடுகளின் இளம் வரலாற்றாளரை வரவழைத்து, ஆய்வினுள் இறங்குமுன் மொழியையும் பழைய கையெழுத்தை வாசிக்கும் முறையையும் கற்பித்தது. இலங்கையிலிருந்தும் சிலர் சென்று பயின்றனர். ஆராய்ச்சிப் பயிற்சி என்பது இதுவே.

அவ்வளவு தூரம் போவதற்கு முன் செய்யத்தக்கவை எமது வாசலிலேயே உள்ளன. ஃப்ரீமான்டில் தொடருந்து ஏறினால் மாறாமலே பேர்க்லியில் இறங்கலாம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒல்லாந்த மொழிக்கென ஒரு பிரிவு உண்டு. 1990களில் தமிழ் மக்கள் திரட்டிய நிதியில் எழுந்த தமிழ் இருக்கையும் உண்டு. இவ்விரு மொழிகளும் ஒரே வளாகத்திற் கிடைப்பது பெரும் பேறு. பேச்சுத் தமிழ் மட்டுமே அறிந்த பிள்ளைகள் எழுத்துத் தமிழில் தேர்ச்சிபெற, அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையில் வகுப்புகள் நடத்துகின்றது.

பணம்? ஆராய்ச்சிப் பட்டத்துக்கு முழுச் செலவும் மாணவரே கட்டவேண்டும் என்று தகப்பனார் நினைத்திருந்தார். இந்நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களில் கலாநிதி பட்டத்துக்குச் சேர்க்கப்படுவோர் பலருக்குக் கட்டணம் விலக்கப்படுகின்றது. வகுப்பெடுத்து உதவுவதற்கு ஊதியமும் உண்டு. அது தாராளமான ஊதியம் என்று நாம் சொல்லமாட்டோம். 2022 நவம்பரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஏறக்குறைய 48,000 கல்விசார் பணியாளர், இவ்வூதியத்தில் வீட்டு வாடகையே கட்டமுடியவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தனர். இதையும் அவருக்கு மறைக்காமற் சொன்னோம்.

அரசாங்கத்தின் கையும் சுருங்கிவிட்டது. 1957இல் ருஷியர் ஸ்புட்னிக்கை ஏவியதும் அதிர்ந்துபோன அமெரிக்கா, அடுத்த ஆண்டே சட்டமியற்றி, அயல்மொழி கற்கும் மாணவருக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கிற்று. அந்த வழியில் வந்த நிதி 2025இல் நிறுத்தப்பட்டது. அந்த இடைவெளியைச் சிறிதளவேனும் நிரப்ப எமது சங்கங்களால் முடியும். ஆண்டு விழா மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் தென்னிந்தியப் பாடகரின் விமானச் சீட்டுக்கும் நாம் கொடுப்பதைக் கணக்கிட்டால், ஒரு பிள்ளையை ஒரு கோடைகாலம் மதுரைக்கு அனுப்பும் செலவு பெரிதாகத் தோன்றாது. (விழா வேண்டாமென்பதல்ல, கொத்துரொட்டிக்கு நாமும் வரிசையில் நிற்பவர்களே.) இருக்கைக்கு நிதி சேர்த்த கைகள், அந்த இருக்கையின் முன்னே அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கும் சேர்க்கலாமே!

பிள்ளை வேலையை இன்னும் விடவில்லை. விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டிருக்கின்றாள். சனிக்கிழமைகளில் தகப்பனாருடன் எம்மிடம் வந்து, அம்மம்மாவின் பழைய காணி உறுதியொன்றின் பிரதியை எழுத்துக்கூட்டி வாசிக்கின்றாள். நொத்தாரிசின் கையெழுத்து அவளை வாட்டுகின்றது. பரப்பு, குழி என்பவற்றை ஒருவாறு பிடித்துக்கொண்டாள். சென்ற கிழமை 'இலாச்சம்' என்ற சொல்லில் தடுமாறி எம்மைப் பார்த்தாள். நாம் வாய்திறக்குமுன் கதிரையில் இருந்த தகப்பனாரே அதற்கு விளக்கம் கூறினார். கூறிவிட்டு, அந்தக் காணியின் நான்கு எல்லைகளையும் உறுதியைப் பாராமலே ஒப்புவித்தார்.